கலப்பை எழவில்லையா? பம்பைக் கழற்றுமுன் பார்க்க வேண்டியவை

காலபோகத்தின் முதல் மழை விழுந்து, வயல் உழவுக்குப் பதமாக இருக்கும் நாட்கள் மிகச் சிலவே. அந்த நாட்களில்தான் பழைய உழவு இயந்திரங்கள் எம்மைக் கைவிடுகின்றன. இயந்திரம் ஓடுகிறது, சில்லுச் சுழல்கிறது, பின்னால் மாட்டிய கலப்பை மட்டும் நிலத்தை விட்டு எழுவதில்லை. வரம்பில் திரும்பவும் முடியாது, வீட்டுக்குக் கொண்டுவரவும் முடியாது.

அவ்வேளையில் அநேகமாக எல்லோரும் கேட்கும் சொல் "பம்ப் போய்விட்டது" என்பதாகும். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பல தடவைகளில் குறை வேறிடத்தில் இருக்க, பம்புக்காகக் குடும்பத்தின் கடைசி நகையும் அடைவு கடைக்குப் போய்விடுகிறது. இடம்பெயர்ந்து, இருந்ததையெல்லாம் விட்டுவந்து, மீண்டும் ஒரு காணியில் கால் ஊன்ற முயலும் குடும்பத்துக்கு இது சிறிய இழப்பல்ல. ஆகவே, பணம் கொடுக்குமுன் நீங்களே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை இங்கே ஒழுங்காகத் தருகிறோம்.

எமது மாகாணங்களில் அதிகம் காணப்படும் மெசி பேர்கசன் 35, 135, 240 போன்ற இயந்திரங்களை மனதிற்கொண்டே இதை எழுதுகிறோம். வேறு பெயருள்ள இயந்திரங்களில் பாகங்களின் இடம் மாறலாம். ஆனால் சோதிக்கும் ஒழுங்கு மாறாது.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

2011ஆம் ஆண்டு வன்னியில் மீளக்குடியமர்ந்த குடும்பம் ஒன்றை நாம் அறிவோம். உறவினர் ஒருவரிடமிருந்து பழைய 135 ஒன்றை அவர்கள் வாங்கினார்கள். அது பல மாரிகள் கூரையின்றி நின்ற இயந்திரம். முதல் உழவிலேயே லிப்ற் தூக்கவில்லை. பம்ப் மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்டது. தாயாரின் சங்கிலி அடைவுக்குப் போனது, பம்ப் மாற்றப்பட்டது. இரண்டு கிழமை வேலை செய்த பின் மீண்டும் அதே குறை.

அதன் பின்னரே அனுபவமுள்ள ஒரு முதியவர், இயந்திரத்தை ஓர் இரவு அசையாமல் நிறுத்திவைத்து, காலையில் அடியிலுள்ள வடிகால் ஆணியை மெதுவாகத் தளர்த்திப் பார்த்தார். முதலில் வந்தது ஒயில் அல்ல, தண்ணீர். அதைத் தொடர்ந்து பால் போன்ற கலங்கல். புதிய பம்பின் வடிகட்டியிலும் அதே சேறு அடைத்திருந்தது. ஒயிலை மாற்றி, வடிகட்டியைக் கழுவியதும் கலப்பை எழுந்தது. முதலில் செய்திருக்க வேண்டிய வேலை கடைசியில் செய்யப்பட்டது. சங்கிலியை மீட்க அவர்களுக்கு இரண்டு போகங்கள் எடுத்தன.

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்றே: வெளியிலிருந்து உள்ளே, செலவற்றதிலிருந்து செலவுள்ளதை நோக்கிப் பாருங்கள்.

லிப்ற் எவ்வாறு தூக்குகிறது?

இம்முறையை உருவாக்கியவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஹரி பேர்கசன் என்பவர். 1946இல் இங்கிலாந்தின் கவென்றி நகரில் தயாரிக்கப்படத் தொடங்கிய சிறிய சாம்பல் நிறப் பேர்கசனிலும், 1964இல் வெளிவந்த 135இலும் அடிப்படை ஒன்றே.

ஆசனத்துக்குக் கீழே, இயந்திரத்தின் நடு உடலுக்குள், ஒயிலில் மூழ்கியபடி பம்ப் இருக்கிறது. கியர்ப் பெட்டியும் பின் அச்சும் லிப்றும் ஒரே ஒயிலைப் பயன்படுத்துகின்றன. பம்ப் இந்த ஒயிலை ஒரு வடிகட்டியூடாக உறிஞ்சி, குழாய் வழியே மேலேயுள்ள சிலிண்டருக்குத் தள்ளுகிறது. சிலிண்டரின் பிஸ்டன் தள்ளப்பட, லிப்ற் கைகள் எழுகின்றன. நீங்கள் லீவரை உயர்த்தும்போது பம்பின் உறிஞ்சும் பக்கத்திலுள்ள வால்வு திறக்கிறது. தாழ்த்தும்போது சிலிண்டரிலுள்ள ஒயில் திரும்பி வெளியேற வழி திறக்கிறது.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். முதலாவது, ஒயில் மேலே தூக்க மட்டுமே உதவுகிறது. கலப்பை தன் பாரத்தாலேயே கீழே இறங்குகிறது. ஆகவே கலப்பை மண்ணுக்குள் இறங்காவிட்டால் அது பம்பின் குற்றமல்ல. இரண்டாவது, கியர்ப் பெட்டிக்குள் தண்ணீரோ தூசியோ போனால் அது நேராகப் பம்புக்கே போகும்.

வேலை தொடங்குமுன்

உயர்ந்து நிற்கும் கலப்பையின் கீழ் ஒருபோதும் செல்ல வேண்டாம். ஒயில் அமுக்கத்தை நம்பிக் கையையோ காலையோ கீழே வைத்தவர்கள் ஊனமடைந்திருக்கிறார்கள். கழற்றும் வேலை எதுவாயினும் கலப்பையை முதலில் நிலத்தில் இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். உயர்த்தி வைத்தே பார்க்க வேண்டியிருந்தால் பலமான மரக்குற்றிகளைக் கீழே கொடுங்கள்.

இவ்வியந்திரங்களில் ஒயிலின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 2,000 இறாத்தலுக்கு மேல் செல்லக்கூடியது. குழாயில் ஊசித்துளை போன்ற கசிவு இருந்தால் விரலால் தடவிப் பார்க்காதீர்கள். அந்த ஒயில் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவைப் பார்க்க ஒரு காட்போட் மட்டையைப் பிடியுங்கள்.

சுழலும் பி.ரி.ஓ. தண்டின் அருகே சாரம், சேலை, அவிழ்ந்த தலைமுடி ஆகியவற்றுடன் நிற்க வேண்டாம். பிள்ளைகளைத் தூரத்தில் வையுங்கள்.

இன்னுமொன்று. கண்ணிவெடி அகற்றப்பட்டதென உறுதி செய்து கையளிக்கப்படாத காணியில், இயந்திரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கலப்பையை இறக்க வேண்டாம்.

எதையும் கழற்றாமல் செய்யும் ஆறு சோதனைகள்

1. லீவர்கள். ஆசனத்தின் வலப்பக்கத்தில் இரண்டு லீவர்கள் இருக்கும். ஒன்று கலப்பை நிற்கும் உயரத்தையும், மற்றது உழும்போது மண்ணின் இழுவைக்கேற்ப ஆழத்தையும் கட்டுப்படுத்துகிறது. உயர லீவரால் வேலை செய்யும்போது இழுவை லீவர் முழுவதும் மேலே இருக்க வேண்டும். அது கீழே கிடந்தால் மற்றதை எவ்வளவு உயர்த்தினாலும் கைகள் எழாமல் இருக்கலாம். புதிய சாரதி ஒருவர் ஏறி இறங்கிய பின் லிப்ற் 'பழுதாவது' பெரும்பாலும் இதனாலேயே. லீவர்கள் தளர்ந்து தாமாகவே கீழே சரிகின்றனவா என்றும் பாருங்கள்.

2. பி.ரி.ஓ. லீவரும் கிளச்சும். சில பழைய இயந்திரங்களில் பி.ரி.ஓ. லீவரைப் போட்டால்தான் பம்ப் சுழலும். ஆகவே அதைப் போட்டு ஒருமுறை பாருங்கள். இரட்டைக் கிளச் உள்ள இயந்திரங்களில் மிதியை முழுவதும் அழுத்தினால் இயந்திரத்தின் ஓட்டத்தோடு பம்பும் நின்றுவிடும். பாதி அழுத்தினால் ஓட்டம் நிற்கும், பம்ப் சுழன்றுகொண்டிருக்கும். மிதியை முழுவதும் அழுத்தியபடி லிப்ற் எழவில்லை என்று சொல்வோரும் உண்டு.

3. ஒயில் மட்டம். இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, கலப்பையை இறக்கி, சிறிது நேரம் விட்டபின் அளவுகோலைப் பாருங்கள். 135 வகை இயந்திரத்தின் உடலுக்குள் 30 லீற்றருக்குக் குறையாத ஒயில் வேண்டும். அரைக் கலன் ஊற்றிவிட்டு நிறைந்துவிட்டதாக எண்ணக்கூடாது. கொட்டும் பெட்டியை இணைத்து வேலை செய்பவர்கள், பெட்டியின் சிலிண்டருக்கும் இதே ஒயில்தான் போகிறது என்பதை மறக்கக்கூடாது. பெட்டி உயர்ந்து நிற்கையில் உள்ளே மட்டம் குறைகிறது.

4. ஒயிலில் தண்ணீர். அளவுகோலில் வரும் ஒயில் தேநீருக்குப் பால் விட்டது போல் வெளிறியிருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. சந்தேகமாயின் சிறிது ஒயிலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து இரவு முழுவதும் வையுங்கள். தண்ணீர் அடியில் தங்கும். அல்லது மேலே சொன்ன முதியவர் செய்தது போல, காலையில் வடிகால் ஆணியைத் தளர்த்தி, முதலில் வருவதை ஒரு சட்டியில் ஏந்திப் பாருங்கள். கியர் லீவரின் அடியிலுள்ள றப்பர் உறை கிழிந்திருந்தால் மழை அதனூடாகவே உள்ளே இறங்கும். வெள்ளத்தில் நின்ற இயந்திரத்தை இந்தச் சோதனை செய்யாமல் இயக்கவே கூடாது.

5. இறங்கும் வேகம். 135 போன்ற இயந்திரங்களில் கலப்பை விரைவாக அல்லது மெதுவாக இறங்குவதைத் தீர்மானிக்கும் ஒரு கட்டுப்பாடும் உண்டு. அது 'மெதுவாக' என்ற நிலையில் இருந்தால் கலப்பை இறங்கச் சுணங்கும். அதைப் பழுது என எண்ண வேண்டாம்.

6. மேற்கம்பியும் ஸ்பிறிங்கும். ரொப் லிங்க் எனப்படும் மேற்கம்பி பூட்டப்படும் இடத்தில், இயந்திரத்தின் பின்புறம் தடித்த ஸ்பிறிங் ஒன்று உண்டு. கம்பியைக் கழற்றிவிட்டு அந்தக் கொளுவியைக் கையால் முன்னும் பின்னும் தள்ளி இழுத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் உழும்போது ஆழம் ஒரே சீராக நிற்காது. கலப்பை தானாக எழுந்தெழுந்து விழும். கொழுக் கலப்பை மண்ணில் இறங்காவிட்டால், மேற்கம்பியைச் சற்றுக் குறுக்கி, கொழுக்களின் தேய்வையும் பாருங்கள்.

இந்த ஆறு சோதனைகளுக்கும் ஒரு காலைப்பொழுது போதும். பணச் செலவு எதுவுமில்லை.

இயந்திரம் காட்டும் குறிகள்

மேற்சொன்னவை சரியாக இருந்தும் குறை தொடர்ந்தால், இயந்திரம் என்ன செய்கிறது என்பதை நன்றாகக் கவனியுங்கள்.

லீவரை உயர்த்தும்போது கீச்சென்ற இரைச்சல் கேட்டு, கைகள் மெதுவாகவும் விட்டுவிட்டும் எழுந்தால், பம்புக்குப் போதிய ஒயில் கிடைக்கவில்லை. ஒயில் குறைவு, நுரைத்த ஒயில், அடைபட்ட வடிகட்டி என்பனவே முதற்காரணங்கள். வடிகட்டியைக் கழுவ ஒயிலை வடித்துவிட்டுப் பக்க மூடியைக் கழற்ற வேண்டும். இது பம்பை மாற்றும் வேலையை விட மிகச் சிறியது.

வெறும் கைகள் எழுகின்றன, கலப்பை மாட்டினால் எழவில்லை என்றால் அமுக்கம் எங்கோ வீணாகிறது. உள்ளே கசிவு, பாதுகாப்பு வால்வின் தளர்வு, பம்பின் தேய்வு ஆகிய மூன்றில் ஒன்று காரணமாகலாம். இயந்திரத்தின் அளவுக்கு மிஞ்சிய பாரமான கலப்பை மாட்டப்பட்டுள்ளதா என்றும் கேளுங்கள்.

காலையில் நன்றாகத் தூக்கி, வெயில் ஏறி இயந்திரம் சூடானபின் தூக்காவிட்டால், ஒயில் மிக மெல்லியதாக இருக்கலாம் அல்லது உட்பாகங்கள் தேய்ந்திருக்கலாம். சூடேறும்போது ஒயில் இளகி, தேய்ந்த இடைவெளிகளால் நழுவுகிறது. உரிய ஒயிலை மாற்றிப் பார்த்த பின்பே பம்பைப் பற்றி யோசியுங்கள்.

விரைவாகத் தூக்கி, இயந்திரத்தை நிறுத்தியதும் கலப்பை இறங்கிவிட்டால், அல்லது ஓடும்போதே கைகள் தலையாட்டுவது போல் சிறிது இறங்கி மீண்டும் எழுந்தால், தூக்கிய ஒயில் நிற்காமல் கசிகிறது. இங்கே பம்ப் தன் வேலையைச் செய்துவிட்டது. சிலிண்டரின் பிஸ்டன் வளையம் அல்லது பம்பிலிருந்து மேலே செல்லும் குழாயிலுள்ள றப்பர் வளையம் பெரும்பாலும் காரணமாகும். பாரத்துடன் உயர்த்தி நிறுத்திய கலப்பை ஓரிரு நிமிடத்தில் தரைக்கு வந்தால் திருத்த வேண்டும். இரவு முழுவதும் நின்று காலையில் இறங்கியிருந்தால், பழைய இயந்திரத்தில் அது சாதாரணம். அதற்காக எதையும் கழற்ற வேண்டாம்.

எதுவுமே அசையவில்லை, சத்தமும் இல்லை, ஒயிலும் நன்று என்றால் வால்வு இறுகியிருக்கலாம். நெடுநாள் நின்ற இயந்திரங்களில், தண்ணீரால் துருப்பிடித்து இவ்வாறு ஏற்படுவதுண்டு.

தண்ணீர் கலந்த ஒயிலை மாற்றுதல்

இயந்திரத்தைச் சிறிது ஓடவிட்டு, ஒயில் இளஞ்சூடாக இருக்கும்போது கலப்பையை இறக்கி, இயந்திரத்தை நிறுத்தி, எல்லா வடிகால் ஆணிகளையும் திறவுங்கள். இரவு முழுவதும் வடியவிடுங்கள். வடிகட்டியைக் கழுவி, உலர்த்திப் பூட்டுங்கள். பின் இயந்திரக் கைந்நூலில் சொல்லப்பட்ட வகை ஒயிலை ஊற்றுங்கள். சில நாள் உழவின் பின் மீண்டும் பாருங்கள். இன்னும் வெளிறியிருந்தால் மறுபடியும் மாற்றத்தான் வேண்டும். வலிதான் என்றாலும் பம்பின் விலையை விடக் குறைவு.

எஞ்சினிலிருந்து எடுத்த கழிவு ஒயிலை லிப்றுக்கு ஊற்ற வேண்டாம். பிறேக் ஒயிலைக் கலக்கவே வேண்டாம். அது றப்பர் வளையங்களைக் கெடுத்துவிடும். வடித்த ஒயிலைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது விரைவில் கீழேயுள்ள குடிநீருக்குப் போய்ச் சேரும். கலனில் அடைத்து வைத்து, கழிவு ஒயில் எடுக்கும் கராஜில் கொடுங்கள்.

மிக்கானிக்கிடம் போகும்போது

மேல் மூடியைக் கழற்றுவது வீட்டில் ஒருவர் செய்யும் வேலையல்ல. அது பாரமானது; தூக்கக் கப்பியும் அனுபவமும் தேவை. மீண்டும் மூடும்போது உள்ளே தொங்கும் லீவர் பம்பின் வால்வு லீவருடன் சரியாகச் சேர வேண்டும். சேராவிட்டால் புதிய பம்பும் தூக்காது. ஆகவே தெரிந்தவரிடமே கொடுங்கள்.

ஆனால் "லிப்ற் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொல்லிப் போகாதீர்கள். "ஒயில் சரி, தண்ணீர் இல்லை, விரைவாகத் தூக்குகிறது, நிறுத்தினால் ஒரு நிமிடத்தில் இறங்குகிறது" என்று சொல்லுங்கள். இப்படிச் சொல்லும் ஒருவருக்குத் தேவையற்ற பம்பை விற்பது கடினம். நல்ல மிக்கானிக்குக்கு அவரது வேலையில் பாதியை நீங்கள் முடித்துக் கொடுத்தவராவீர்கள். மாற்றுமுன் என்ன குறை கண்டார் என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்லி, கையோடு வாங்கி வாருங்கள். மூடி திறக்கப்பட்டால், பம்ப் நன்றாக இருந்தாலும், உள்ளிருக்கும் றப்பர் வளையங்களை அதே தடவையில் மாற்றுவிப்பது நன்று. வளையத்தின் விலை சிறிது. திரும்பத் திறக்கும் கூலியே பெரிது.

ஆவணியில் செய்தால் ஐப்பசியில் அழத் தேவையில்லை

இச்சோதனைகளை மழை விழுந்த அன்று தொடங்க வேண்டாம். ஆவணி மாதத்தில், இயந்திரத்துக்கு வேலை குறைந்த நாளில் செய்யுங்கள். கியர் லீவரின் றப்பர் உறையை மாற்றுங்கள். கொட்டில் இல்லாதவர்கள் ஒரு தறப்பாள் துண்டால் ஆசனத்தையும் கியர் லீவரையும் மூடிக் கட்டினாலே பாதிப் பாதுகாப்புக் கிடைக்கும். 2022இல் டீசல் கிடைக்காமல் மாதக்கணக்கில் நின்ற இயந்திரங்கள் பல, நிற்பதாலும் இயந்திரம் கெடும் என்பதை எமக்குக் காட்டின. நிற்கும் இயந்திரத்தையும் இடைக்கிடை இயக்கி, லிப்றைச் சில தடவைகள் ஏற்றி இறக்குங்கள். வேலை முடிந்ததும் கலப்பையை எப்போதும் நிலத்தில் இறக்கிவிடுங்கள்.

ஒரு கிராமத்தில் நான்கு பழைய இயந்திரங்கள் இருந்தால், நான்கு குடும்பங்களும் ஒருநாள் சேர்ந்து ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்பது நல்லது. சாவிகளையும் கப்பியையும் ஒருவருக்கொருவர் இரவல் கொடுக்கலாம். கணவரை இழந்து தனியே குடும்பத்தைக் கொண்டுசெல்லும் பெண்கள் பலர் இயந்திரத்தைக் கூலிக்கு விட்டு வாழ்கிறார்கள். அவர்களையும் இச்சோதனைகளுக்கு அழையுங்கள். அளவுகோலைப் பார்க்கவும், போத்தலில் ஒயிலை வைத்துச் சோதிக்கவும் தெரிந்த பெண்ணைச் சாரதியும் ஏமாற்ற முடியாது, கராஜும் ஏமாற்ற முடியாது.

இழந்தவற்றை எல்லாம் எம்மால் மீட்க முடியாது. கையில் மிஞ்சியிருப்பதை அறியாமையால் இழக்காமல் காத்துக்கொள்ள முடியும். உங்கள் இயந்திரத்தின் அளவுகோலை இன்றே எடுத்துப் பாருங்கள்.